சாந்தா அன்ரிக்கு ஒரு பதில்

கவிசாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுகள் சூடாகும். பிறகு மூக்கு சூடாகும். மூக்கும் சூடாகிவிட்டால் வாய் தானாகவே திறந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன.

பீலெஃபெல்ட் நகரத்தில் ஒரு ஜெர்மன் பள்ளிக்கூடம் சனிக்கிழமைகளில் மட்டும் தமிழ்ப் பள்ளிக்கூடமாக மாறிவிடும். காலையில் பாடம். மத்தியானத்துக்குப் பிறகு பாட்டும் நடனமும். ஆண்டு விழா நெருங்கிவிட்டதால் உடற்பயிற்சி மண்டபம் முழுவதும் கோலாட்டச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கவிசாவுக்குப் பதினொரு வயது. கோலாட்டத்தில் அவளுடைய சோடி அவளுடைய சொந்த அக்கா தக்சாயினி. மற்றவர்கள் எல்லோரும் கோலைத் தட்டுவார்கள். தக்சாயினி அடிப்பாள். "அக்கா, மெதுவா!" என்று கவிசா சொன்னால், "சத்தம் வரத்தானே கோல்?" என்று கேட்பாள்.

தக்சாயினிக்கு டவுண் சின்ட்ரோம் இருந்தது. சில விஷயங்களைப் பழக அவளுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். கோலாட்டமும் அப்படித்தான். ஆனால் ஒருமுறை பழகிவிட்டால் அவள் அதை மறக்கவே மாட்டாள்.

கோலாட்டம் பழக்கியவர் ஸ்வர்ணா அக்கா. அவர் வயிற்றில் ஒரு குழந்தை வளர்ந்துகொண்டிருந்தது. அதனால் இப்போது கதிரையில் இருந்தபடியே கையைத் தட்டி எண்ணுவார். தக்சாயினிக்கு அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஸ்வர்ணா அக்காவைத்தான் மிகவும் பிடிக்கும்.

அன்றைக்கு "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணத் தொடங்கியதுமே விசில் சத்தம் கேட்டது. விழாவுக்குப் பொறுப்பான சாந்தா அன்ரி வந்துகொண்டிருந்தார். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும்.

"தக்சாயினி, இஞ்ச வாங்கோ பிள்ளை. இந்த முறை நீங்கள் கதிரையில இருந்து பாருங்கோ. மேடையில இடம் காணாது."

தக்சாயினி ஸ்வர்ணா அக்காவைப் பார்த்தாள். ஸ்வர்ணா அக்கா நிலத்தைப் பார்த்தார்.

"போன முறையும் இதே மேடைதானே, அன்ரி?" என்று கவிசா கேட்டாள். "போன முறை இதைவிடக் கனபேர் ஆடினவை."

"வாய்க்கு வாய் கதைக்கக் கூடாது" என்றார் சாந்தா அன்ரி. மீண்டும் விசில் ஊதினார்.

தக்சாயினி சுவரோரக் கதிரையில் போய் இருந்தாள். கவிசாவுக்குப் புதுச் சோடியாக ஒரு சின்னப் பையன் வந்தான். அவன் கோலைவிட அவளுடைய விரல்களைத்தான் அதிகமாக அடித்தான்.

பயிற்சி முடிந்ததும் கவிசா விரலைத் தண்ணீரில் நனைக்கச் சமையலறைப் பக்கம் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சாந்தா அன்ரி ஸ்வர்ணா அக்காவிடம் கதைத்துக்கொண்டிருந்தார்.

"உன்ர நல்லதுக்குத்தான் சொல்லுறன், ஸ்வர்ணா. வயித்தில பிள்ளையோட இருக்கேக்க இப்பிடியான பிள்ளையளைப் பாக்கக் கூடாது. பாத்தா உன்ர பிள்ளைக்கும் அப்பிடி வந்திடும். அதுதான் அவளை இருத்தினனான். உனக்குப் பிள்ளை பிறக்கும் வரைக்கும் அவளைக் கிட்ட விடாதை."

இதென்ன விசர்க் கதை என்று ஸ்வர்ணா அக்கா சொல்லுவார் என்று கவிசா காத்திருந்தாள்.

ஸ்வர்ணா அக்கா "ம்" என்றார். அவ்வளவுதான்.

காதுகள் சூடாகின. மூக்கு சூடானது.

"பொய்!" என்று கத்தினாள் கவிசா. "அது பச்சைப் பொய்!"

சாந்தா அன்ரி திடுக்கிட்டுத் திரும்பினார். அதே நேரம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாவும் கதவடியில் வந்து நின்றார். தக்சாயினி அவருடைய கையைப் பிடித்திருந்தாள்.

"சுகன்யா, உம்மட மகளுக்குப் பெரியாக்களோட கதைக்கத் தெரியேல்லை" என்றார் சாந்தா அன்ரி. பிறகு கவிசாவின் பக்கம் திரும்பினார். "நான் சொல்லுறது பொய்யெண்டா நீ சொல்லு பாப்பம். உன்ர அக்கா ஏன் இப்பிடிப் பிறந்தவ? அம்மா கிரகணத்தைப் பாத்தவவோ? சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டவவோ? ஏதோ ஒரு பிழை விட்டிருக்கத்தானே வேணும்?"

கவிசா வாயைத் திறந்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் உண்மை என்ன என்று தெரியாது. அவள் பிறந்தபோதே தக்சாயினி அக்கா இருந்தாள். அக்கா ஏன் அப்படி இருக்கிறாள் என்று கேட்க வேண்டுமென்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அம்மா குனிந்து தக்சாயினியின் ஜாக்கெட் சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினார். "வாங்கோ பிள்ளையள், ட்ராம் போயிடும்" என்றார்.

ட்ராமில் தக்சாயினி கவிசாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"கவி, ஸ்வர்ணா அக்கா என்னோட கோவமோ?"

"இல்லை அக்கா."

"அப்ப ஏன் என்னைப் பாக்கேல்லை?"

கவிசா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவளுக்குச் சாந்தா அன்ரி மேல் கோபம். "ம்" என்று மட்டும் சொன்ன ஸ்வர்ணா அக்கா மேல் கோபம். வாயே திறக்காத அம்மா மேல் கோபம். எல்லோரையும்விட, பதில் தெரியாமல் நின்ற தன் மேல்தான் பெரிய கோபம்.

*

திங்கட்கிழமை உயிரியல் பாடம் முடிந்ததும் கவிசா நேராக ஆசிரியை ஹாகடோர்னின் மேசைக்குப் போனாள்.

"டவுண் சின்ட்ரோம் எப்படி வருகிறது?"

"நல்ல கேள்வி" என்றார் ஆசிரியை. "அதற்குச் செல் எப்படிப் பிரிகிறது என்று முதலில் படிக்க வேண்டும். அது ஒன்பதாம் வகுப்பில் வரும்."

"எனக்கு இந்தச் சனிக்கிழமைக்கு வேண்டும்."

"செல் பிரிவு எங்கேயும் ஓடிப்போகாது, கவிசா."

"சாந்தா அன்ரியும் எங்கேயும் ஓடிப்போக மாட்டா!"

ஆசிரியைக்குச் சாந்தா அன்ரியைத் தெரியாது. ஆனால் கவிசாவின் காதுகளின் நிறத்தைப் பார்த்தார். "புதன்கிழமை பின்னேரம் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் உயிரியல் கழகம் இருக்கிறது. அங்கே யொஹன்னாவைக் கேட்டுப் பார். அவள் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்."

யொஹன்னா பன்னிரண்டாம் வகுப்பு. நெட்டையாக இருந்தாள். கொண்டையில் ஒரு பென்சில் குத்தியிருந்தது. கவிசா உள்ளே வந்தபோது அவள் ஒரு வெங்காயத்தின் வேர்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறாம் வகுப்புக்கு இங்கே..." என்று தொடங்கினாள் யொஹன்னா.

"என் அக்காவைக் கதிரையில் இருத்திவிட்டார்கள்" என்றாள் கவிசா. நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

யொஹன்னா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "கிரகணத்தைப் பார்த்தாலா?"

"ஓம். பார்த்தாலே வருமாம்."

"கதிரையை இழுத்துப் போட்டு இரு."

இருக்கும்போதுதான் கவிசா சுவரில் இருந்த படத்தைக் கண்டாள். சின்னச் சின்னக் கோடுகள், காலுறைகளைப் போல இரண்டு இரண்டாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு சோடிக்கும் ஓர் இலக்கம். இருபத்தொன்றாம் இலக்கத்தில் மட்டும் மூன்று இருந்தன. அதன் கீழே சிவப்பு எழுத்தில் 'ஃபேலர்' என்று அச்சடித்திருந்தது. அதாவது, பிழை.

சொல்வதெழுதலில் கவிசாவின் கொப்பியில் அதே சிவப்பில் அதே சொல்லை ஆசிரியர் எழுதுவார்.

"இது என் அக்காவைப் பற்றியா?"

"உன் அக்காவின் செல்களில் இருபத்தொன்றாவது குரோமோசோம் மூன்று இருக்கும். மற்றவர்களுக்கு இரண்டு. ஓம்."

"என் அக்கா பிழை இல்லை!"

"செல் பிரிந்த விதத்தைத்தான் பிழை என்று..."

"அவளுடைய இலக்கத்துக்குக் கீழேதானே எழுதியிருக்கிறார்கள்? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?"

யொஹன்னா படத்தைப் பார்த்தாள். இத்தனை வருடங்களாக அந்தப் படத்தின் கீழேதான் அவள் இருந்திருக்கிறாள். "அது எனக்குத் தோன்றியதே இல்லை" என்றாள் மெதுவாக. "சரி. முதலில் என்ன நடக்கிறது என்று பார். பிறகு திட்டு. தெரிந்துகொண்டு திட்டினால் இன்னும் நன்றாகத் திட்டலாம்."

அது கவிசாவுக்கு நியாயமாகப் பட்டது.

வேரின் நுனியைச் சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்தார்கள். "பெருவிரலால் அழுத்து" என்றாள் யொஹன்னா. "மெதுவாக! கண்ணாடி உன் சாந்தா அன்ரி இல்லை."

நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்ததும் கவிசா மூச்சை அடக்கிக்கொண்டாள். செங்கற்களை அடுக்கியது போலச் செல்கள் வரிசையாகத் தெரிந்தன. சிலவற்றுக்குள் சிவப்பு நூல்கள் சுருண்டு கிடந்தன. ஒன்றில் எல்லா நூல்களும் நடுவில் வரிசையாக நின்றன. இன்னொன்றில் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் விலகிப் போய்க்கொண்டிருந்தன.

"அந்த நூல்கள்தான் குரோமோசோம்கள்" என்றாள் யொஹன்னா. "ஓர் உடம்பை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. செல் இரண்டாகப் பிரிய முதல் ஒவ்வொரு நூலும் தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்துகொள்ளும். இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று. பங்கு சரியாக இருக்க வேண்டும், இல்லையா?"

"ஓம்."

"அப்படியானால் நேரம் வரும்வரை அந்த இரண்டும் பிரிந்து போகக் கூடாது. முதலே விலகிவிட்டால் எது எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது."

"அப்ப என்ன செய்யும்? பசை போட்டு ஒட்டுமா?"

"பசை இல்லை. வளையம்." யொஹன்னா தன் பையில் இருந்து ஒரு தலைமுடி வளையத்தை எடுத்தாள். இரண்டு பென்சில்களைச் சேர்த்துப் பிடித்து வளையத்தை அவற்றின் மேல் மாட்டினாள். "இப்படி. மிகமிகச் சின்ன வளையங்கள். செல்லே அவற்றைச் செய்து மாட்டும். எல்லாம் ஒழுங்காக வரிசையில் நின்ற பிறகுதான் வளையத்தை வெட்டும். எல்லாச் சோடிகளும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் விலகும்."

கவிசா பென்சில்களை வாங்கி இழுத்துப் பார்த்தாள். வளையம் விடவில்லை.

"வெங்காயத்தில் இது ஒரு நாள் வேலை" என்றாள் யொஹன்னா. "ஆனால் ஒரு குழந்தையாக மாறப்போகும் முட்டைச் செல் இருக்கிறதே, அது வேறு கதை. அதற்குள்ளே, அது இருக்கும் பெண்ணின் அம்மாவிடமிருந்து வந்த குரோமோசோமும் அவளுடைய அப்பாவிடமிருந்து வந்த குரோமோசோமும் சோடி சேரும். அந்தச் சோடிகளையும் வளையங்கள்தான் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சோடி எப்போது சேர்கிறது தெரியுமா? அந்தப் பெண் பிறக்க முதலே."

"எந்தப் பெண்?"

"உன் அம்மாவை எடுத்துக்கொள். உன் அம்மா தன் அம்மாவின் வயிற்றுக்குள் இருந்தபோதே, உன் அக்காவுக்கான முட்டைச் செல் உன் அம்மாவுக்குள் வந்துவிட்டது. சோடிகள் சேர்ந்தன. வளையங்கள் மாட்டப்பட்டன. பிறகு எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. வருடக்கணக்காகக் காத்துக்கொண்டு."

"புது வளையம் மாட்ட மாட்டாதா?"

"மாட்டுவதாகத் தெரியவில்லை. பழைய வளையங்கள்தான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். காலம் போகப் போகச் சில வளையங்கள் கழன்றுவிடும். அப்போது ஒரு சோடி நேரத்துக்கு முதலே தளர்ந்து, இரண்டும் ஒரே பக்கம் போய்விடலாம்; குழந்தையின் அப்பாவிடமிருந்து வரும் ஒன்றும் சேர்ந்தால் மூன்று. சில நேரம் அது வேறு விதமாகவும் நடக்கும். அப்பாவின் செல்லில் நடக்கும். இளம் அம்மாக்களுக்கும் நடக்கும். யாரும் எதையும் செய்து அதை வரவைக்க முடியாது. யாராலும் நிறுத்தவும் முடியாது."

கவிசா இரண்டு பென்சில்களையும் பிடித்தபடி இருந்தாள். தக்சாயினி பிறந்தபோது அம்மாவுக்கு முப்பத்தாறு வயது.

முப்பத்தாறு வருடங்கள்!

"நான் இந்த வளையத்தைக் கொண்டுபோகலாமா?" என்று கேட்டாள்.

*

வீட்டில் அம்மா கறிக்கு லீக்ஸ் தண்டு வெட்டிக்கொண்டிருந்தார். முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"அம்மா, குரோமோசோமுக்குத் தமிழில என்ன? சாந்தா அன்ரிக்கு நான் தமிழிலதான் சொல்லவேணும்."

"நிறமூர்த்தம்" என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

கவிசா அப்படியே நின்றுவிட்டாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"உயர்தர வகுப்பில உயிரியல் படிச்சனான். கலம், கரு, நிறமூர்த்தம். கலம், அதுதான் செல், பிரியிறதில ரெண்டு விதம் இருக்கு. சாதாரணமா நடக்கிறது இழையுருப்பிரிவு, முட்டை உண்டாக நடக்கிறது ஒடுக்கற்பிரிவு." அம்மாவின் கத்தி டக் டக்கென்று வெட்டிக்கொண்டே போனது. "சோதினை எடுக்க முதல் ஊரை விட்டு வெளிக்கிட்டிட்டம்."

"அப்ப அக்காவைப் பற்றியும் உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சு கொண்டோ அண்டைக்குப் பேசாமல் நிண்டனீங்கள்?" கவிசாவின் மூக்கு மீண்டும் சூடானது. "அன்ரி உங்களைப் பிழை விட்டனீங்கள் எண்டவ! நீங்கள் சிப்பைப் பூட்டிக்கொண்டு நிண்டனீங்கள்!"

அம்மா கத்தியை வைத்தார்.

"முதல்ல எல்லாருக்கும் சொன்னனான், கவி. தக்சா பிறந்த வருஷம் வாய் நோக நோகச் சொன்னனான். ஓம் ஓம் எண்டு தலையாட்டுவினம். அடுத்த கிழமை இன்னொரு ஆளிட்டை அதே கிரகணக் கதையைச் சொல்லுவினம். பேந்து நான் விட்டிட்டன். எனக்குக் களைச்சுப்போச்சு."

கவிசா சட்டைப்பையில் இருந்த வளையத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது உங்கட புத்தகத்தில இருந்ததோ?"

"தலைமுடி வளையமோ?"

கவிசா இரண்டு கரண்டிகளை எடுத்துச் சேர்த்து வளையத்தை மாட்டினாள். யொஹன்னா சொன்னதை எல்லாம் சொன்னாள். அம்மா ஈரக் கையைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றார் கடைசியில். "வளையம் இருக்கெண்டு எங்களுக்குப் படிப்பிக்கேல்லை. அப்ப கண்டுபிடிச்சிருக்க மாட்டினம்." பிறகு கேட்டார்: "நான் பிறக்க முதலே எண்டோ சொன்னனீ?"

"ஓம்."

"அப்ப, நாங்கள் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள்ள மூட்டையளோட பாலத்தால நடந்து போகேக்க? சனம் நெரிச்சு மூச்சு விட ஏலாமல் இருந்ததே?"

"அப்பவும் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தது, அம்மா."

"இஞ்ச வந்த முதல் மாரியில பனியில வழுக்கி விழுந்து கை முறிஞ்சதே?"

"அப்பவும்."

அம்மா கரண்டிகளைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கவிசாவால் பொறுக்க முடியவில்லை. "இவ்வளவு காலம் பிடிச்சுக்கொண்டிருந்ததை ஒருத்தரும் எழுதேல்லை அம்மா! கடைசியில ஒண்டு வழுக்கினதை மட்டும் பெரிய சிவப்பு எழுத்தில எழுதி வைச்சிருக்கினம்! அது நியாயமோ?"

"நியாயமில்லைத்தான்" என்றார் அம்மா. அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீரும் வந்தது. "லீக்ஸ் கண்ணைக் கரிக்குது."

"லீக்ஸ் கரிக்காது அம்மா. வெங்காயம்தான் கரிக்கும்."

"சும்மா இரு" என்றார் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

*

அடுத்த சனிக்கிழமை கவிசா ஒரு திட்டத்தோடு போனாள். மண்டபத்தின் நடுவில் நிற்பது. எல்லோருக்கும் கேட்கும்படி சாந்தா அன்ரியின் ஒவ்வொரு சொல்லையும் பொய்யென்று காட்டுவது. சாந்தா அன்ரியின் முகம் எப்படிச் சிவக்கும் என்று கற்பனை செய்து பார்த்தாள். அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

தக்சாயினி மறுபடியும் சுவரோரக் கதிரையில் இருந்தாள். வீட்டிலிருந்து தன் கோல்களைக் கொண்டுவந்திருந்தாள். ஸ்வர்ணா அக்கா உள்ளே வந்ததும் இரண்டு கோல்களையும் தூக்கி ஆட்டினாள்.

"ஸ்வர்ணா அக்கா! நான் இஞ்ச!"

ஸ்வர்ணா அக்கா அவளைப் பார்க்கவில்லை. வேகமாகத் திரும்பி, ஜாக்கெட்டுகள் தொங்கும் நடைபாதைக்குப் போய்விட்டார்.

தக்சாயினியின் கைகள் மெதுவாகக் கீழே இறங்கின.

கவிசாவுக்குச் சாந்தா அன்ரி மறந்துபோனது. அவள் ஸ்வர்ணா அக்காவின் பின்னால் ஓடினாள். திட்டுவதற்கு வாயைத் திறந்துவிட்டாள்.

ஸ்வர்ணா அக்கா ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் நீள வாங்கில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்திருந்தார்.

கவிசா வாயை மூடினாள். பிறகு பக்கத்தில் போய் இருந்தாள்.

"நீங்களும் அதை நம்புறீங்களோ, அக்கா?"

"நம்பேல்லை" என்றார் ஸ்வர்ணா அக்கா. "ஆனா பயமா இருக்கு. இது என்ர முதல் பிள்ளை. எல்லாரும் ஒவ்வொண்டு சொல்லினம். அதைச் சாப்பிடாதை, இதைப் பாக்காதை எண்டு. பிறகு ஏதும் நடந்தா நீதான் கேக்கேல்லை எண்டுவினம்." அவர் கண்ணைத் துடைத்தார். "தக்சாவைப் பாக்க வெக்கமா இருக்கு. அதுதான் ஓடி வந்தனான்."

கவிசாவின் காதுகள் குளிர்ந்துவிட்டன. இப்படிப் பயந்திருக்கும் ஒருவரைத் திட்டி என்ன செய்வது?

தன் இரண்டு கோல்களையும் சேர்த்துப் பிடித்து வளையத்தை மாட்டினாள்.

"இதைப் பாருங்கோ, அக்கா. இது உங்கட பிள்ளைக்கான முட்டையில இருந்த ஒரு சோடி. இதை எப்ப இப்பிடிக் கட்டினது தெரியுமோ? நீங்கள் பிறக்க முதல்."

ஸ்வர்ணா அக்கா மூக்கைத் துடைத்தபடி பார்த்தார். கவிசா ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவசரப்படாமல், யொஹன்னா சொன்னதைப் போலவே.

"உங்கட பிள்ளைக்கு எத்தனை நிறமூர்த்தம் எண்டது கரு உண்டான முதல் நாளே முடிவாகிட்டுது" என்றாள். "இப்ப பிள்ளைக்குக் கையிருக்கு, காலிருக்கு. எல்லாச் செல்லிலும் அந்த எண்ணிக்கைதான் இருக்கு. இனி நீங்கள் அக்காவைப் பாத்தா ஒண்டு கூடுமோ? அது எப்பிடி உள்ளுக்குப் போகும்? கண்ணாலயோ?"

ஸ்வர்ணா அக்காவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் முகம் மீண்டும் மாறியது.

"அப்ப, முதல் நாளே என்ர பிள்ளைக்கு மூண்டு வந்திருந்தா?"

கவிசா வளையத்தை விரலால் தடவியபடி யோசித்தாள்.

"வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றாள். "வந்தா எங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. எங்களுக்குப் பழக்கம். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். சாப்பாட்டுக்கு மட்டும் பிந்தி வராதேங்கோ, அக்கா ஒண்டும் மிச்சம் வைக்க மாட்டா."

ஸ்வர்ணா அக்கா கவிசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மண்டபத்துக்குள் போனதும் நேராகச் சுவரோரக் கதிரைக்கு நடந்தார்.

"தக்சா, எழும்பு. உன்ர இடத்துக்குப் போ."

விசில் அலறியது. "ஸ்வர்ணா! நான் உனக்கு என்ன சொன்னனான்?"

"சொன்னனீங்கள், சாந்தா அக்கா. நானும் கேட்டுக்கொண்டு நிண்டனான். அது என்ர பிழை." ஸ்வர்ணா அக்கா தக்சாயினியின் கையைப் பிடித்துக்கொண்டார். "கோலாட்டம் பழக்கிறது நான். ஆர் ஆடுறது எண்டு நான்தான் சொல்லுவன். தக்சா ஆடுவா."

"எல்லாரும் சேர்ந்து என்னைக் கெட்டவளாக்கிறியள். நான் நல்லதுக்குத்தானே சொன்னனான்?"

"ஆரின்ர நல்லதுக்கு?"

கேட்டது அம்மா. அன்று வேலையில் லீவு எடுத்துக்கொண்டு வந்து, அம்மா கதவடியில்தான் நின்றிருந்தார்.

"போன கிழமை என்ர பிள்ளையிட்டை ஒரு கேள்வி கேட்டனீங்கள், சாந்தா அக்கா. அவ பதில் தேடிக்கொண்டு வந்திருக்கிறா. ஒருக்கா நிண்டு கேளுங்கோ."

எல்லோரும் கவிசாவைப் பார்த்தார்கள். அவள் ஆசைப்பட்டது போலவே மண்டபத்தின் நடுவில் நின்றாள். ஆனால் கத்த வேண்டும் போல் இப்போது தோன்றவில்லை. கோல்களையும் வளையத்தையும் தூக்கிக் காட்டி, ஒடுக்கற்பிரிவில் தொடங்கினாள்.

"நிறமூர்த்தமோ?" சாந்தா அன்ரி இடையில் மறித்தார். "எனக்கு உதெல்லாம் விளங்காது. நான் கலைப்பிரிவு."

"பரவாயில்லை அன்ரி, நான் ஆறாம் வகுப்பு" என்றாள் கவிசா. "அம்மா ஒரு பிழையும் விடேல்லை. அம்மாவுக்குள்ள இருந்த வளையங்கள் முப்பத்தாறு வருஷம் பிடிச்சுக்கொண்டிருந்தது. உங்கட விசில் கயிறு இந்த வருஷத்திலயே ரெண்டு தரம் அறுந்து போச்சு."

யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. சாந்தா அன்ரி விசிலைக் கையால் மூடிக்கொண்டார்.

"அப்ப கிரகணம்?" என்று கேட்டார், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

"அது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள பிரச்சினை, அன்ரி. அக்கா அதுக்குள்ள இல்லை."

இந்த முறை பெரியவர்களும் சிரித்துவிட்டார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"சாந்தா அக்கா, எனக்கு நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். தக்சாவிட்டைச் சொல்லுங்கோ."

சாந்தா அன்ரி அங்கும் இங்கும் பார்த்தார். விசிலைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். தக்சாயினியின் முன்னால் வந்து நின்றார்.

"தக்சாயினி, நான் உம்மை இருத்தினது சரியில்லை."

"ஓம்" என்றாள் தக்சாயினி. "சரியில்லை."

சாந்தா அன்ரி இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். தக்சாயினி தன் இடத்துக்குப் போய்விட்டாள். அவளுக்கு வேலை இருந்தது.

கவிசாவுக்குச் சாந்தா அன்ரி மேல் கோபம் முழுவதும் போய்விடவில்லை. பாதி இன்னும் இருந்தது. அதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். உயிரியல் கழகத்தின் சுவரில் அந்தச் சிவப்பு எழுத்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஆசிரியை ஹாகடோர்னிடம் அதைப் பற்றிப் பேச அந்தப் பாதிக் கோபம் தேவைப்படும்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு!" என்று ஸ்வர்ணா அக்கா கை தட்டினார்.

கோல்கள் மோதின. தக்சாயினி அடித்த அடியில் கவிசாவின் கை முழங்கை வரை அதிர்ந்தது.

பாதி ஆட்டத்தில் ஸ்வர்ணா அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு, "ஆ!" என்று வயிற்றைப் பிடித்தார்.

எல்லோரும் பயந்து நின்றார்கள். ஸ்வர்ணா அக்கா சிரித்தார். "ஒண்டுமில்லை. உள்ளுக்க இருக்கிற ஆள் உதைக்குது. உங்கட சத்தத்துக்கு எழும்பிட்டுது போல."

அவர் கையை நீட்டினார். "தக்சா, இஞ்ச வா. பிடிச்சுப் பார்."

தக்சாயினி கோல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அந்த வயிற்றில் தன் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கூர்ந்து கவனித்தாள். ஓர் உதை. கொஞ்சம் விட்டு இரண்டு உதைகள். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மூன்று.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். குனிந்து, வயிற்றுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, கண்டிப்பான குரலில் சொன்னாள்:

"தாளம் பிழை. திருப்பி முதல்ல இருந்து!"